‘போயிருக்க வேணும்’: உட்துறைமுக வீதி ஊகவியல் குறித்து ஓர் ஆய்வு

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் ரியூசன் வகுப்புகளில் துணைவினைகளை ஓர் ஏணியாக வரைந்து காட்டுவதுண்டு. அடிப்படியில் ‘மைட்’, அதற்கு மேலே ‘மே’, உச்சியில் ‘மஸ்ட்’. கையில் சான்று கூடக் கூட மேலே ஏறலாம். ஒருவர் வீட்டில் விளக்கு எரிந்தால் அவர் உள்ளே இருக்கக்கூடும். விளக்கும் எரிந்து, செருப்பும் வாசலில் கிடந்து, றேடியோவும் பாடினால் ‘மஸ்ட்’. கதவில் பூட்டுத் தொங்கினால் ‘கான்ட்’. ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் திருகோணமலையில் இது செல்லாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

உட்துறைமுக வீதியை அண்டிய தேத்தண்ணிக் கடைகளில் திரட்டிய தரவுகள் வேறொரு விதியைக் காட்டுகின்றன. சான்று குறையக் குறைய உறுதி கூடும். கண்ணால் கண்டவர் “போனமாதிரித்தான் கிடந்தது” என்று இழுப்பார். காணாதவர் “போயிருப்பார்” என்பார். போனவர் யாரென்றே தெரியாதவர்தான் “எங்க போறது, அங்கதான்” என்று வினைமுற்றைக்கூடச் செலவழிக்காமல் தீர்ப்புச் சொல்வார். வசதி கருதி இதைத் ‘துறைமுக விதி’ என்று அழைப்போம்.

தரவு ஒன்றை விரிவாகத் தருவது தகும். காலை எட்டரை மணி. கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் ஒருவர் (ஆய்வு நெறி கருதிப் பெயர் மறைக்கப்படுகிறது, கடையில் மறைக்கப்படவில்லை) வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் உவர்மலைப் பக்கம் போகிறார். கடை வாசலைக் கடக்க அவருக்குச் சில விநாடிகளே எடுத்தன. உரையாடல் அப்படியே பதிவாகிறது:

“ஆரது, எங்கட கட்டார்காரர் போல. ஏதும் கந்தோர் அலுவலாக்கும்.”

“வெள்ளைச் சேட்டோடயோ கந்தோருக்கு? பொம்பிளை பாக்கத்தான் அண்ணை. வேற என்னவா இருக்கேலும்?”

கடைக்கார நானா தேத்தண்ணியை ஆற்றியபடி, “வந்து ஒரு மாசமாகுது. சும்மாவா இருப்பார்?” என்றார். அத்தோடு விவாதம் முடிந்தது. அடுத்த வாடிக்கையாளர் வந்தபோது பெண் வீடு எந்த ஒழுங்கையில் என்பதுவரை தீர்மானமாகியிருந்தது.

மத்தியானம் உண்மை தெரியவந்தது. அவர் போனது செத்தவீட்டுக்கு. இந்த நாட்டில் வெள்ளை உடுப்பின் முதற்பொருள் அதுதான் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். காலையில் மட்டும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஆங்கில இலக்கணப்படி இப்போது ‘மஸ்ட்’டை விட்டுக் கீழே இறங்க வேண்டும். கடை இறங்கவில்லை. “செத்தவீட்டுக்கும் நாலு சனம் வரும்தானே. அப்பிடியே பொம்பிளையையும் பாத்திருக்கலாம்.” ‘லாம்’ விகுதியின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. அது ஐயத்தைத் தெரிவிக்க வந்ததல்ல, தோற்ற ஊகத்தைத் தோற்கவிடாமல் காப்பாற்ற வந்தது.

‘வேணும்’ இன்னும் சிக்கலானது. “அவர் அந்தச் செத்தவீட்டுக்குப் போயிருக்க வேணும்” என்றால் பொருள் இரண்டு. போயிருப்பார் என்று நினைக்கிறோம் என்பது ஒன்று. போகாமல் விட்டாரே, இதென்ன மனிதர் என்பது மற்றது. எழுத்தில் இதைப் பிரித்தறிய வழியில்லை. நேரில் வழியுண்டு: சொல்பவர் வீதியைப் பார்த்துச் சொன்னால் ஊகம், நாக்கை உச்சுக்கொட்டிவிட்டுச் சொன்னால் கண்டனம். இலக்கண நூல்கள் உச்சுக்கொட்டுதலை இடைச்சொல்லாகக் கொள்ளாதது பெருங்குறை.

நம் முன்னோர் இதில் கவனமாகவே இருந்தார்கள். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது அறிவைப் பெறும் வழிகளை, அடுக்குகிறான். காண்டல் முதலில், கருதல் அடுத்து. அவற்றில் ஒன்றான அருத்தாபத்திக்கு மீமாம்சகர் சொல்லும் எடுத்துக்காட்டு ஊர்வம்புக்கு மிக அண்மையில் நிற்பது: தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனால் பருத்திருக்கிறான், ஆகவே இரவில் உண்கிறான். ஓர் ஆளின் வயிற்றைப் பார்த்து அவன் இரவு நடமாட்டத்தைத் தீர்மானிக்கும் இந்த முறையைச் சாத்திரம் என்று ஒத்துக்கொண்டவர்கள், எங்கள் கடைக்கு மட்டும் வம்புமடம் என்று பெயர் வைப்பது நியாயமில்லை. பத்து அளவைகளில் ஐதிகமும் ஒன்று. உலகம் சொல்வதை அப்படியே ஏற்பது. கடையில் மற்ற ஒன்பதும் இதற்குள் அடக்கம்.

ஊகத்துக்கு விலையும் உண்டு. 1659 நவம்பரில் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. வந்தவர்கள் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு முறைப்படி கடிதமும் பரிசும் அனுப்பவில்லை. நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள் என்றால் அனுப்பியிருப்பார்கள் அல்லவா? மன்னன் பக்கத்து அருத்தாபத்தி வேலை செய்தது. 1660இல் மூதூர்ப் பக்கத்தில் கப்டனும் அவர் மகன் றொபர்ட் நொக்ஸும் பிடிபட்டார்கள். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் தப்பியது 1679இல். இலங்கையைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூல் 1681இல் வெளிவந்தது. ‘இருக்கக்கூடும்’ என்று நின்றிருக்க வேண்டிய ஓர் ஐயம் ‘இருக்க வேண்டும்’ ஆனதற்கு விலை ஏறத்தாழ இருபது வருடம்.

இனி எஸ்பிளனேட் பக்கம் உள்ள பழைய கல்லறைத் தோட்டம். அங்கே அடக்கமானவர்களில் ஒருவர் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின். பிரித்தானியக் கடற்படையின் கிழக்கிந்திய, சீன நிலையத் தலைமைத் தளபதியாக இருந்து, 1852 ஒக்டோபரில் பர்மாவின் ஐராவதி நதியில் வாந்திபேதியால் இறந்தவர். அவர் நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி என்பதுதான் நமக்கு முக்கியம். அக்கா 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் முதல் வாக்கியத்தில் ஆங்கில இலக்கியத்தின் ஆகப் பிரபலமான ‘மஸ்ட்’ இருக்கிறது. பணமுள்ள ஒரு பிரமச்சாரி என்ன தேடுகிறார் என்பது பற்றி ஊர் செய்யும் ஊகம் அது. பிரமச்சாரியைக் கேட்டவர் எவருமில்லை. முதல் அத்தியாயம் முடியுமுன்பே அது ஊகமாக நிற்காமல், பக்கத்து வீட்டுப் பெண்களில் ஒருத்தியைக் கட்டியே தீரவேண்டிய கடமையாகிவிடுகிறது. ஹாம்ஷயர் கிராமத்தில் வளர்ந்தவர் எங்கள் துறைமுக விதியை எப்படி அறிந்தார் என்பது தனி ஆய்வுக்குரியது. தம்பியோ பெரும் பணம் சேர்த்தவர் அல்லர். அப்படியிருந்தும் இரண்டு முறை மணம் முடித்தார். முதல் மனைவி இறந்தபின் அவர் சகோதரியையே கட்டினார். அக்காவின் விதி பணக்காரரோடு நிற்பதில்லை என்பதற்கு வீட்டுக்குள்ளேயே சான்று.

கிண்ணியாப் பாலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2009 ஒக்டோபர் வரை கிண்ணியாவிலிருந்து திருமலைக்கு வர ‘பாதை’யில் ஏறவேண்டியிருந்தது. இங்கே பாதை என்பது வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவைப் படகு. அந்தக் காலத்தில் ஒருவர் பிந்தினால் “பாதையைத் தவறவிட்டிருப்பார்” என்று ஊர் இரக்கத்தோடு ஊகித்தது. 396 மீற்றர் நீளப் பாலம் வந்தபின் அந்த நல்ல ஊகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. இப்போது பிந்துகிறவர் எங்கேயோ நின்றிருக்க வேணும். யாரோடோ நின்றிருக்க வேணும். போக்குவரத்து அபிவிருத்தி மனிதர்மீதான சந்தேகத்தைக் கூட்டுகிறது என்பதைத் திட்டமிடுவோர் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. ஊகிக்காமல் ஆளையே நிறுத்திக் கேட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கடைக்கார நானாவிடம் இதை முன்வைத்தோம். “கேட்டா உண்மையைச் சொல்லிப்போடுவார் தம்பி. பிறகு ஆர் இங்க இருந்து தேத்தண்ணி குடிக்கிறது?” என்றார். பொருளியல் நோக்கில் இதற்கு மறுப்பில்லை.

எனவே உட்துறைமுக வீதியால் போய்வரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெள்ளைச் சேட்டுப் போடும் நாட்களில் தயவுசெய்து ஒரு நிமிடம் நின்று, ஒரு பிளேன் ரீ குடித்து, செத்தவீடு யாருடையது என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் திரும்பி வருமுன் உங்களுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருப்பார்கள்.