இந்திராவும் கிசானும் மொய் நோட்டும்

கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆடி பிறந்துவிட்டால் பந்தலுக்குப் பந்தல் மொய் விருந்துதான். கிடாக்கறிச் சோறு ஒரு பக்கம், மொய் மேசை ஒரு பக்கம். எழுத ஒருத்தர், எண்ண ஒருத்தர், இரண்டு பேரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நிற்க ஒருத்தர். வாங்கியவர் திருப்பிச் செய்யாவிட்டால் நோட்டோடு ஆள் வரும். கொடுத்த காசை மறந்தவர் என்று எங்கள் ஊரில் யாராவது இருந்தால், அவர் அரசாங்கத்திடம் கொடுத்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கப்பா அந்த ரகம். யார் வீட்டுக் காதுகுத்துக்கு 51 ரூபாய் செய்தோம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அஞ்சலகத்தில் வாங்கிப்போட்ட பத்திரங்களைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை. அவர் காலமான பிறகு, யாருக்கெல்லாம் மொய் பாக்கி என்று பார்க்க அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். நோட்டுகளுக்கு அடியில், உரப்பையைக் கிழித்துச் சுற்றிய கிசான் விகாஸ் பத்திரங்கள். குண்டூசி துருப்பிடித்து, எல்லாப் பத்திரத்துக்கும் ஒரே இடத்தில் பொட்டு வைத்திருந்தது. கூடவே ஒரு காலிக் கவர். மேலே அப்பாவின் கையெழுத்தில் 'இந்திரா'.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்திரா விகாஸ் பத்திரத்தைத் தெரியாது. 1986-ல் வந்தது. 500 ரூபாய் கட்டினால் 1000 ரூபாய்ப் பத்திரம். தொடக்கத்தில் ஐந்தே வருஷத்தில் இரட்டிப்பு. அதில் பெயர் கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். கணக்கில் காட்டாத காசுக்கு இதைவிடச் சௌகரியமான தொட்டில் ஏது? 1999-ல் நிறுத்திவிட்டார்கள். தொலைந்தால் மாற்றுப் பத்திரம் இல்லை என்பது விதி. தொலைத்த ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இது ரூபாய் நோட்டு மாதிரிதான், போனால் போனதுதான் என்று 2006-ல் தீர்ப்பானது.

முதிர்ந்ததும் அப்பாவே மாற்றிச் செலவழித்திருக்கலாம். ஆனால் இவ்வளவு எளிதான விளக்கத்தை எங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ளாது. அக்கா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கூரையைப் பார்த்து, "கஜாவுல போயிருக்கும்" என்றார். 2018 நவம்பர் 16-க்குப் பிறகு எங்கள் பக்கம் எது காணாமல் போனாலும் கஜா புயல்தான் குற்றவாளி. தென்னை போனது, பலா போனது, ஓடு பறந்தது, அத்தனையும் உண்மை. சித்தப்பா எழுதிக்கொடுத்த கைமாத்துச் சீட்டும் அதே புயலில்தான் போனது.

பெயரில்லாத இந்திராவுக்கு உரிமை கொண்டாட ஊரே இருந்தது. பெயருள்ள கிசானுக்கோ நாங்கள் யார் என்று நிரூபித்தே ஓய்ந்துபோனோம். அப்பாவின் இனிஷியல் பத்திரத்தில் பின்னால், ஆதாரில் முன்னால், இறப்புச் சான்றிதழில் எங்குமே இல்லை. நாமினியாகப் போட்டிருந்த அப்பத்தா, அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். நாமினி இல்லாவிட்டாலும், இறந்து ஆறு மாதம் கழித்து, 5 லட்சம் வரை கோர்ட்டுக்குப் போகாமலே வாங்கலாம். அதற்கு வாரிசுச் சான்று, உறுதிமொழிப் பத்திரம், ஜாமீன், போதாததற்கு மற்ற வாரிசுகள் 'எனக்கு வேண்டாம்' என்று எழுதித் தரும் கடிதம். அக்கா எழுதத் தயார். மச்சான்தான் பேனாவை விடவில்லை. "அவ போடுவா மாப்ளே. தொகை எவ்வளவுன்னு மட்டும் ஒரு வார்த்த..."

கவுண்டரில் இருந்த தம்பி பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர்மேல் குற்றமில்லை; 2016-லிருந்து காகிதப் பத்திரமே கிடையாது, எல்லாம் பாஸ்புக். "சார், இது நான் பொறக்குறதுக்கு முன்னாடி போட்டது" என்றார், ஏதோ நாங்கள் அவரிடம் ஜாதகத்தைக் கொடுத்ததுபோல.

அவரே இன்னொன்றும் சொன்னார். செயல்படாத கணக்கு என்று அறிவித்து 7 வருஷம் யாரும் கேட்காவிட்டால் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விடுமாம். அங்கே போன பிறகும் 25 வருஷம் வரை கேட்கலாம், அதற்குமேல் அரசாங்கத்துக்கே. இருபத்தைந்து வருஷம் பொறுப்பதென்பது எங்கள் ஊர் மொய்க்காரர் யாருக்கும் வராத பெருந்தன்மை.

ஒருவழியாகப் பணம் வந்தது. இரட்டிப்பானது வாஸ்தவம். ஆனால் முதிர்ந்த பிறகு மறுபடி இரட்டிப்பாகாது என்பதால், மச்சான் மனக்கணக்கில் போட்டிருந்த தொகைக்கும் வந்த தொகைக்கும் நடுவே ஒரு டிராக்டர் அளவு இடைவெளி. ஆனாலும் அவர் தளரவில்லை.

"மறுபடி கிசான்லயே போட்டுருங்க அத்தை. இப்ப 7.5 சதவீதம், 115 மாசத்துல டபுள்."

அம்மா மொய் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அத்தன மாசத்துல ரெண்டு விருந்து வெச்சிரலாமே. இந்த ஆவணியில நாங்க வைக்கிறோம் மாப்ளே. 2019-ல ஒங்க விருந்துக்கு மாமா செஞ்சது இந்தா, பேரு ஊரோட இருக்கு."