மஞ்சள் விளக்கு எரிகிறதா? – கேள்வி பதில்

பழைய காரில் ஏபிஎஸ் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. பல்பைக் கழற்றிவிடலாமா? (வாசகர், ஆம்பூர்)

காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை உடைப்பீர்களா? சாதாரண பிரேக் வேலை செய்யும். சக்கரம் இறுகிச் சறுக்காமல் காக்கும் ஏற்பாடுதான் நின்றிருக்கிறது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

மெக்கானிக் மொத்த ஏபிஎஸ் யூனிட்டையும் மாற்றச் சொல்கிறாரே? (வாசகர், வாணியம்பாடி)

ஸ்கேனர் போட்டுப் பார்த்தாரா? கோளாறு எந்தச் சக்கரத்தில் என்று அதுவே காட்டும். பெரும்பாலும் சக்கரத்தருகே உள்ள சென்சார், அதன் ஒயர் அல்லது துருவேறிய பல் வளையம்தான் காரணம். முதலில் ஃப்யூஸ், அடுத்து சென்சார், கடைசியில்தான் யூனிட்.

கம்பெனியே பாகத்தை நிறுத்திவிட்டது. எங்கே தேட? (வாசகர், வேலூர்)

காட்பாடியில் ரயிலேறுங்கள், சென்னையில் புதுப்பேட்டை பழைய பாகச் சந்தை இருக்கிறது. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், பார்ட் நம்பர் ஒத்துப்போனால் மட்டும் வாங்குங்கள். பிரேக் பேடும் ஹோஸும் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம்.

அவசரமாக மிதித்தால் பெடல் உதறுகிறது. பயந்து காலை எடுத்துவிடுகிறேன். (வாசகர், ராணிப்பேட்டை)

உதறினால்தான் ஏபிஎஸ் வேலை செய்கிறது! காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்து, ஸ்டியரிங்கைத் திருப்பி விலகுங்கள்.

ஏபிஎஸ் முதலில் எந்தக் காரில் வந்தது? (வாசகர், குடியாத்தம்)

காருக்கு முன்பே விமானத்தில்! 1950களில் டன்லப்பின் மாக்சரெட் என்ற கருவி விமானச் சக்கரங்களைக் காத்தது. இன்றைய வகை மின்னணு ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. உங்கள் காரில் ஏபிஎஸ் இருந்தால், அதைப் பழுதாக விட்டு ஓட்டாதீர்கள்.