வனஸ்பதி மரத்தைக் காட்டுங்க தம்பி

வாங்க தம்பி, இருங்க. இலங்கை இந்தியாவோட போட்ட சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தால எவ்வளவு லாபம்னு அளக்க மாத்தளை அலுவிகாரை வரைக்கும் வந்துட்டீங்களா? ராசியான இடம்தான். கி.மு. முதலாம் நூற்றாண்டுல பிக்குமார் திரிபிடகத்தையே ஓலையில எழுதி வச்ச குகை இது. உங்க அறிக்கை அதைவிடக் கனமா வரும் போல.

சுலபமான வழி சொல்றேன். 1998 டிசம்பர்ல கையெழுத்து, 2000 மார்ச்ல நடைமுறை. 2000க்கும் 2005க்கும் நடுவுல இந்தியாவுக்குப் போன ஏற்றுமதி ஏறக்குறைய பத்து மடங்கு. ஒரு கோட்டைப் போட்டுப் பட்டத்தை வாங்கிக்கங்க. என்ன சாமான் போச்சுன்னு மட்டும் கேட்டுடாதீங்க. வனஸ்பதியும் செம்பும்தான் முன்னுக்கு நின்னுச்சு. மாத்தளையில மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் பார்த்திருக்கேன், வனஸ்பதி மரத்தை இன்னும் பார்க்கலை. அதைச் செய்யிற பாமாயில் மலேசியா, இந்தோனேசியா பக்கமிருந்து வந்துச்சு. பாமாயில் வரி இந்தியாவுல கூட, இங்க குறைவு. இடையில ஆலையைப் போட்டாங்க, அதுலயும் பலது இந்திய முதலாளிங்க போட்டதுதான். ஒப்பந்தச் சலுகைக்குக் கேட்ட உள்நாட்டுப் பெறுமதி 35 வீதம் சேர்ந்துச்சுன்னு கடதாசி வேற. இந்தியா கதவை இறுக்கினதும் ஆலையும் படுத்துச்சு, கோடும் படுத்துச்சு.

உங்க ஈர்ப்புச் சமன்பாடு இருக்கே, 1962ல பொருளியலாளர் டின்பெர்கன் வர்த்தகத்துக்குப் பூட்டினது: பெரிய நாடுங்க கூட வியாபாரம் பண்ணும், தூரம் கூடினா குறையும். சந்தையில மரக்கறி விக்கிற ஆச்சிக்கும் இது தெரியும், நோபல்தான் குடுக்கலை. அதுல ஒப்பந்தம் இருந்தா 1, இல்லாட்டி 0. ஏற்கெனவே காதலிச்சவங்களுக்குத் தாலியைக் கட்டி வச்சிட்டு, தாலியாலதான் காதல் வந்துச்சுன்னு சொல்ற கணக்கு அது. 2007ல பேயர், பெர்க்ஸ்ட்ராண்டுன்னு ரெண்டு பொருளியலாளருங்க அந்தக் கோளாறைச் சரிபண்ணிப் பார்த்தாங்க. ஒப்பந்தம் போட்ட நாடுங்களுக்கிடையில பத்து வருஷத்துல வர்த்தகம் சராசரியா இரட்டிக்குதுன்னு வந்துச்சு. நல்ல வேலைதான், மறுக்கலை. ஆனா சராசரிக்குள்ள எங்க மிளகுக்காரன் எங்க நிக்கிறான்?

வியட்நாம் மிளகு இலங்கை வழியா நுழையுதுன்னு இந்திய விவசாயிங்க கத்தினாங்க. 2017 டிசம்பர்ல இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபா அடிமட்ட இறக்குமதி விலை வச்சிட்டுது. உங்க சமன்பாட்டுல அந்த 1 அசையாம அப்படியே நிக்குது.

அதனால தம்பி, சாமான் வாரியா, வருஷம் வாரியா வரியையும் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கிட்டு வாங்க. சுங்கத்துல ஆறு இலக்கக் குறியீட்டோட இருக்கு. அதுவரைக்கும் அந்தப் பத்து மடங்கை இங்க யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, பங்கு கேப்பாங்க.