பத்தாய அறைக்கு வந்த குடித்தனம்

பல்லி எந்த அங்கத்தில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் அச்சடித்திருப்பார்கள். விழுகிற பல்லி ஐந்தடி நீளம் இருந்தால் என்ன பலன் என்று அதில் இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இது நிஜமான கேள்வி. 2020 ஜனவரியில் அங்கே குளிர் கடுமையானபோது, மரத்திலிருந்து இகுவானா விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அது செத்திருக்காது என்று மயாமி வானிலை அலுவலகமே அறிவித்தது. குளிரில் விறைத்து, பிடி நழுவி, பொத்தென்று விழும். வெயில் பட்டதும் எழுந்து தன் ஜோலியைப் பார்க்கப் போய்விடும்.

அந்த ஜாதியில் இரண்டு, அச்சன்புதூரில் என் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

மருமகன் கோயம்புத்தூரில் படித்தபோது வாங்கியவை. வாங்குகையில் ஓணான் அளவு. அவன் பட்டம் வாங்குவதற்குள் அவை ஆளுயரத்தை நெருங்கிவிட்டன. பாதிக்கு மேல் வால் என்பதுதான் ஒரே ஆறுதல். தெரு கூடி அது உடும்புதான் என்று தீர்மானித்தது. எதிர்வீட்டுத் தாத்தா மூட்டுவலிக்கு எண்ணெய் கிடைக்குமா என்று சீசாவோடு வந்து நின்றார். அத்தானுக்கு உள்ளங்கை வேர்த்தது. உடும்பு, 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை கம்பி எண்ண நேரிடும். மருமகன் சளைக்கவில்லை. இது மெக்சிகோவிலிருந்து பிரேசில் வரைக்கும் மரத்தில் வாழ்கிற, இலை தழை தின்கிற சாது என்றான். 2024-இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்த தாளையும் நீட்டினான்.

"ஏல, என் ரேஷன் கார்டுல இன்னும் பேரு திருத்தல. இதுக்குத் தாளு இருக்கா?" என்றார் அத்தான்.

வீட்டின் பின்கட்டில் பத்தாய அறை சும்மா கிடந்தது. களத்திலிருந்தே நெல்லை வியாபாரிக்குப் போட்டுவிடும் காலத்தில் பத்தாயத்துக்கு என்ன வேலை? அறையில் கூண்டு கட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது, எனக்கு ஆசாரியைத் தெரியும் என்ற ஒரே தகுதியால். மருமகன் தாளில் படம் போட்டுத் தந்தான். ஒன்றுக்கு ஆறடி நீளம், மூன்றடி அகலம். மரமேறி என்பதால் உயரம் ஏழடி. ஆசாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஆறு நல்ல அளவு. ஏழு ஆகாது, குடியிருக்கிறவனுக்குத் தரித்திரம். ஆறுலயே நிறுத்துவோம்."

மனையடி சாஸ்திரம் பல்லிக்கும் பொருந்துமா என்று மருமகன் கேட்டான். மனையில் குடியிருப்பது யார் என்று சாஸ்திரம் கேட்பதில்லை என்றார் ஆசாரி. உயரமும் ஆறடியானது.

தென்காசியிலிருந்து 710 கிரேடு மரைன் பிளை வந்து இறங்கியது. சாதாரணப் பலகை ஈரத்தில் உப்பி, தோல் உரிந்துவிடும். உள்பக்கம் எபாக்ஸி பூச்சு, மூட்டுகளில் சிலிக்கான், முன்னால் தள்ளு கண்ணாடி, ஏறிப் படுக்கக் கொய்யாக் கிளை. ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி. இகுவானா பெரும்பாலும் தண்ணீருக்குள் இறங்கித்தான் காலைக்கடன் கழிக்கும் என்பதால், தொட்டிக்கு வடிகுழாய் வைத்தாக வேண்டும். அக்கா அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் அட்டாச்டு பாத்ரூம் இப்படித்தான் அந்த வீட்டுக்கு வந்தது.

இரண்டு கூண்டுக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அதை அடிக்கும்போது அக்கா வந்து நின்றாள்.

"புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல எதுக்குல பலகை?"

பருவம் வந்தால் ஆண் முரடாகிக் கடிக்கும் என்பது ஒரு காரணம். குஞ்சு பொரித்தால் அதையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் அத்தானுக்குப் பிடித்தது. "ரெட்டைப் பலகையா அடிங்க" என்றார்.

பலகை வேலை எல்லாம் சுளுவாக முடிந்தது. சூரியனைப் பொருத்துவதுதான் பெரும்பாடு. ஜன்னலோரம் கூண்டை வைத்தால் போதாதா என்று கேட்டேன். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிரை விடாது. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 ஊறும், அது ஊறினால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். இல்லையேல் தாடை ரப்பராகிவிடும், கால் வளைந்துவிடும். அதற்கென்று ஒரு ட்யூப் லைட். அது கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே கதிர் செத்துவிடும் என்பதால் காலாகாலத்தில் மாற்றவும் வேண்டும். குளிர்காய 100 வாட் பல்பு தனி. ஏறிக் கட்டிக்கொண்டு வயிற்றைச் சுட்டுக்கொள்ளாமலிருக்க அதற்குக் கம்பிவலை. பல்புக்கு அடியில் 35 டிகிரி, மறுகோடியில் 27. வெயிலுக்கும் நிழலுக்கும் அதுவே நடந்து தன் உடம்பைச் சரிசெய்துகொள்ளும்.

அப்புறம் சாரல். காற்றில் எழுபது சதவீதமாவது ஈரம் வேண்டுமாம். மேக்கரை மலையிலிருந்து மேகம் இறங்கி ஊரே நமுத்துக் கிடக்கிற ஆடி மாதத்தில், குற்றாலத்துச் சாரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு வீட்டில், புகை மாதிரித் தண்ணீரைத் தூவும் மிசினைப் பிளக்கில் செருகினோம். ஆசாரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கூலியை மட்டும் கூட்டிச் சொன்னார்.

மின்கட்டணத்தை அத்தான் தாளில் போட்டுப் பார்த்தார். பல்பு ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், இரண்டு பல்புக்கு ஒரு நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 144. அரசு அப்போது தந்த 100 யூனிட் இலவசத்தை முழுசாகத் தின்று, மேலே 44 கடனும் வைத்திருந்தன இந்தச் சைவப் பிராணிகள். ட்யூபும் மிசினும் கணக்கிலேயே இல்லை.

அக்காவின் குறை வேறு. அவள் பூஜைக்கு வளர்த்த செம்பருத்தியைப் பூவும் இலையுமாக மருமகன் உருவிக்கொண்டிருந்தான். சண்டை முற்றிய ஒரு நாள், இகுவானாவின் உச்சந்தலையில் செதில் மூடிய மூன்றாவது கண் இருப்பதைக் காட்டினான். உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும், மேலே பருந்து வந்தால் உஷாராக. அக்கா பிரதோஷம் தவறாமல் தென்காசி விசுவநாதரைப் பார்க்கிறவள். முக்கண் என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. மறுநாளிலிருந்து செம்பருத்தியை அவளே பறித்து, கழுவி, தட்டில் வைத்தாள்.

ஒரு சங்கடம் மட்டும் தீரவில்லை. உடம்பில் மிஞ்சும் உப்பை இவை மூக்கு வழியாகத் தும்மி வெளியேற்றும். கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதைத் துடைத்துவிடலாம். அத்தான் வெளியே கிளம்புகிற நேரம் பார்த்துத் தும்மினால்? செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்ப வேண்டும். சில நாள் காலை பஸ் போய்விடுகிறது.

ஆடியில் சீசன் பார்க்க அத்தானின் தங்கை சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்தாள். மெயினருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று போகிற இடமெல்லாம் நனைந்தார்கள். கொடி, நாற்காலி, மாடிப்படிக் கைப்பிடி என்று வீடு முழுக்க ஈரத்துணி. எதுவும் காய்கிற வழியாக இல்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் பத்தாய அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே இளவெயில்.

மருமகன் போய்ப் பார்க்கும்போது கூண்டுக்கு முன்னால் குறுக்கே கயிறு கட்டி, துண்டும் பாவாடையும் வரிசையாகத் தொங்கின. ஆண் இகுவானா கொய்யாக் கிளையிலிருந்து ஒற்றைக் கண்ணால் ஒரு பூப்போட்ட நைட்டியை ஆராய்ந்துகொண்டிருந்தது.

"அத்தே, தீப்பிடிச்சுரும்! டிகிரி பாத்து வெச்சிருக்கேன்."

"பல்பு மேலயா போட்டேன்? தள்ளித்தானே கட்டியிருக்கேன். அந்த மழை மிசினை மட்டும் மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வைப்பா. மாமாவோட ரெண்டு வேட்டி பாக்கி இருக்கு."