காலிப் பேலட்டின் பட்டா நிலம்

சரக்கை அடுக்கி, ஃபோர்க்லிஃப்ட்டின் இரு இரும்புக் கரங்களால் தூக்குவதற்கென்று செய்யப்படும் மரத்தட்டே பேலட் எனப்படுகிறது. 1200 மில்லிமீட்டர் நீளமும் 1000 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒன்று, சரக்கைச் சுமந்தாலும் சும்மா கிடந்தாலும் 1.2 சதுர மீட்டர் தரையை அடைத்துக்கொள்கிறது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அதன்பின் எழுந்த ஆலைகளில் தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டுமென்றும், 4.2 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் அக்கணக்கில் சேராதென்றும் வரையறுத்தது. பேலட்டுகளோ எந்தச் சட்டத்தின் துணையுமின்றித் தம் பங்கைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. நடைபாதையைக் குறிக்கும் மஞ்சள் கோடு அவற்றின் அடியில் எங்கோ கிடக்க, தீயணைப்பான் இருப்பதை அறிவிக்கும் பலகை மட்டும் அடுக்குக்கு மேலே தலைகாட்டுகிறது (உலர்ந்த மரம் எவ்வளவு விரைவாகப் பற்றும் என்பது வேறு பேச்சு). காலிப் பேலட்டுகளைத் தானே அடுக்கி, கேட்கும்போது ஒவ்வொன்றாகத் தரும் இயந்திரம் உண்டென்றாலும், அதை வாங்காததற்கு, நிறுத்த இடமில்லை என்பதே கோப்பில் ஏறும் காரணம். ஆகவே அந்தத் தட்டை, ஆணி துருத்தாத பக்கம் பார்த்துப் பிடிக்கப் பழகிய இருவர் தூக்கிச் சுவரில் சாய்த்துவைக்கின்றனர், அது சரிந்து எவர் காலில் விழும் என்பது அவரவர் ஜாதகத்தைப் பொறுத்தது. தணிக்கையாளர் வரும் நாளன்று மட்டும் அவையனைத்தும் லாரியேறிக் கொட்டகையின் பின்புறம் போய்விடுவதால், தரைப்பரப்பு தாராளமாக உள்ளதென்றே அறிக்கையில் பதிவாகிறது.