முணமகன் வருகிறார்

தமிழ்நாட்டில் ஏர்வாடி இரண்டு. ஒன்று ராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்குப் பக்கத்தில், தர்கா இருக்கும் எங்கள் ஏர்வாடி. இன்னொன்று திருநெல்வேலி மாவட்டத்தில். பின்கோடு போடாமல் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள் இருக்கும்வரை, இந்த ஏர்வாடி மாப்பிள்ளைக்கு அந்த ஏர்வாடியிலிருந்து மொய் வரும் வாய்ப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால், வீட்டுக் கம்ப்யூட்டர் இரண்டைக் கேபிள் போட்டு இணைத்ததும் இரண்டுக்கும் ஒரே முகவரி என்று திரையில் 'ஐபி முகவரி மோதல்' பெட்டி ஒன்று வந்தபோது ஊர் உலகம் பதறியிருக்கலாம். எங்களுக்கு அது பழைய சங்கதி.

ஓரிடத்துச் சரக்கை இன்னோரிடத்துக்குச் சேதாரமில்லாமல் கொண்டுபோவதில் எங்கள் கரைக்கு அனுபவம் ஜாஸ்தி. கீழக்கரையைத் தாண்டினால் சேதுக்கரை. ராமர் இலங்கைக்கு அணை கட்டிய இடம் என்பது ஐதீகம். அணை வருவதற்கு முன்பே ஒருவர் தாவிப் போய் வேலையை முடித்துவிட்டார். போகும்போது கையில் கணையாழி: அனுப்பியவர் இன்னார்தான் என்பதற்கு அடையாளம். வரும்போது சூளாமணி: போய்ச் சேர்ந்ததற்கு ரசீது. பின்னாளில் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதற்காக அமெரிக்கக்காரர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதிய விதிமுறைகளில் இருப்பதும் இதே இரண்டுதான். திரும்பும் வழியில் எதிர்முனையையே கொளுத்திவிட்டு வந்தது மட்டும் எந்த விதிமுறையிலும் கிடையாது.

இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் இதே கரையில் நேர்மாறான முறை ஒன்றும் நடந்தது. ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ஓடுகிற வண்டியிலிருந்து வெளியே எறிவார்கள். அந்தக் கட்டுகளைச் சேகரித்த சிறுவர் அப்துல் கலாம் என்பது ஊரறிந்த கதை. கட்டு கையில் விழுந்ததா, மணலில் விழுந்ததா என்று ரயில் நின்று விசாரிக்காது. இன்றைக்கு வீடியோ கால் பெரும்பாலும் இந்த ரயில் முறையில்தான் ஓடுகிறது. யூடிபி என்று பெயர். பேசும்போது முகம் கட்டங்கட்டமாக உடைகிறதே, அது மணலில் விழுந்த கட்டு.

எல்லாருக்கும் பொதுவான ஒரே பாதையில் கம்ப்யூட்டர்களைப் பேசவைக்கும் வித்தையும் தீவுக்காரர்கள் சமாச்சாரம்தான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நார்மன் ஆப்ரம்சன், அலைச்சறுக்கு ஆசையில் அந்தத் தீவுக்குக் குடிபோனவர். தீவுக்குத் தீவு டெலிபோன் கம்பியை நம்பாமல் ரேடியோவில் கம்ப்யூட்டர்களை இணைத்தார். 1971-இல் ஓடத் தொடங்கிய அதற்கு அலோகாநெட் என்று பெயர். அதன் சட்டதிட்டம் மிகச் சுருக்கம்: பேசத் தோன்றினால் பேசு. பதில் வரவில்லையா, யாரோ குறுக்கே பேசிவிட்டார்கள் என்று அர்த்தம். குத்துமதிப்பாகக் கொஞ்சம் பொறுத்து மறுபடி பேசு. கணக்குப் போட்டால் அந்த அலைவரிசையில் அதிகபட்சம் 18 சதவீத நேரம்தான் உருப்படியாகப் பேச்சு நடக்கும். மீதி 82 சதவீதம் மோதலும் மௌனமும். பல குடும்பங்கள் இதைவிட மோசமான சதவீதத்தில் சந்தோஷமாக நடக்கின்றன.

இதைப் படித்துச் சட்டைக்கையை மடித்துக்கொண்டு இறங்கியவர் பாப் மெட்கால்ஃப். ஹார்வர்டில் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையை நிராகரித்துவிட்டார்கள். அலோகாநெட் கணக்கைத் திருத்திச் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் டாக்டர் பட்டம் கிடைத்தது. அப்போது அவருக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிஃபோர்னியா ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வரப்போகிறது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு லேசர் பிரிண்டர். அதை எல்லாரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். 1973 மே 22-ஆம் தேதி மெட்கால்ஃப் ஒரு குறிப்பு எழுதினார்: பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேள், பேசும்போதும் கேள், மோதினால் உடனே வாயை மூடு. இதுதான் ஈதர்நெட். டேவிட் பாக்ஸ் என்பவரும் அவரும் கட்டியெழுப்பிய முதல் இணைப்பின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். ஆக, இந்த மகத்தான கண்டுபிடிப்பின் ஆதிநோக்கம் பிரிண்ட் எடுப்பது. மேனேஜர் பிரிண்ட் கேட்டால் இன்றுவரை நெட்வொர்க் படுத்துக்கொள்வது வேறு விஷயம்.

மெட்கால்ஃப் 1979-இல் த்ரீகாம் என்று சொந்தக் கம்பெனி தொடங்கிச் சம்பாதித்தார். 1995-இல், அடுத்த வருஷம் இன்டர்நெட் மொத்தமாகக் குப்புற விழும், விழாவிட்டால் எழுதியதைத் தின்றுவிடுகிறேன் என்றார். விழவில்லை. 1997-இல் அந்தக் கட்டுரையை மிக்ஸியில் போட்டுத் தண்ணீர் விட்டு அடித்து, கூட்டத்துக்கு முன்னால் குடித்தார். சொன்ன சொல்லைக் குடித்தாவது காப்பாற்றியதற்காக அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும்.

நடுவில் வந்த கேபிள்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் விரல் தடிமனில் ஒரு மஞ்சள் கேபிள். அதில் ஆணி மாதிரி ஒன்றைக் குத்தி இறக்கி இணைப்பு எடுப்பார்கள். அதற்கு 'வாம்பயர் டேப்' என்றே பெயர். பிறகு மெல்லிசான கறுப்பு கேபிள். இரண்டு நுனியிலும் ஒரு மூடி மாட்ட வேண்டும். ஆபீஸ் கூட்டும்போது ஒரு மூடி கழன்றுவிட்டால் கட்டடம் முழுக்க வேலை நிற்கும். ஐபிஎம் கொண்டுவந்த டோக்கன் ரிங்கில் டோக்கன் கைக்கு வந்தால்தான் பேச அனுமதி. ஒழுங்கான ஏற்பாடு, விலையும் அதிகம். அதனால் செத்துப்போனது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தது துபாய், மலேசியப் புண்ணியத்தில். ஊருக்கு வந்த மச்சான் ஒன்றைக் கொண்டுவருவார். பழையது மூலையில் இருக்கும். பழையதில் இருக்கும் பாட்டு புதியதற்குப் போக வேண்டும். ஃபிளாப்பியில் இடம் 1.44 எம்பி, ஒரு பாட்டே நாலைந்து எம்பி. வெட்டிக் கூறு போட்டுக் கொண்டுபோனால் கடைசி ஃபிளாப்பி 'படிக்க முடியவில்லை' என்று கையை விரிக்கும். எத்தனை பாட்டுகள் இரண்டாவது சரணத்தோடு போய்ச்சேர்ந்தன!

சரி, கேபிள் போடலாம் என்று இறங்கினால் அங்கேயும் ஒரு சூட்சுமம். நெட்வொர்க் கார்டில் ஒன்றாம், இரண்டாம் பின்கள் வாய். மூன்றும் ஆறும் காது. எல்லாக் கார்டுக்கும் அப்படியே. நேர்க் கேபிளால் இரண்டு கம்ப்யூட்டரை இணைத்தால் வாயோடு வாய், காதோடு காது. இருவரும் கத்துவார்கள், ஒருவருக்கும் கேட்காது. ஆகவே ஒரு நுனியில் ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்று அடுக்கிக் கிரிம்ப் பண்ண வேண்டும். மறு நுனியில் ஆரஞ்சு இருந்த இடத்தில் பச்சை, பச்சை இருந்த இடத்தில் ஆரஞ்சு. இதற்கு கிராஸ் கேபிள் என்று பெயர். இந்த எட்டு நிறத்தையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கத் தெரிந்த பையனுக்கு ராமநாதபுரம் வட்டாரத்தில் பெண் கொடுக்கப் போட்டி இருந்தது என்றால் மிகைதான். ஆனால் அவன் வந்தால் சர்பத் கட்டாயம் உண்டு. பிறகு எச்பி நிறுவனத்துப் பொறியாளர்கள் எது வாய், எது காது என்று கார்டே கண்டுபிடித்துக்கொள்ளும் வழி செய்தார்கள். சர்பத் நின்றது.

கேபிள் பேசிவிட்டாலும் விண்டோஸ் பேசாது. 98 தன்னை 'ஒர்க்குரூப்' என்ற கூட்டத்தில் வைத்திருக்கும். எக்ஸ்பி ஹோம் தானாகவே 'எம்எஸ்ஹோம்' என்ற கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். ஒரே தெருவில் இருந்துகொண்டு வேறு வேறு ஜமாத் மாதிரி, பக்கத்து வீடு பட்டியலில் தெரியாது. இரண்டையும் ஒரே கூட்டத்தில் சேர்த்தால் அடுத்தது தேர்தல். வேடிக்கையாகச் சொல்லவில்லை, நிஜமான தேர்தல். ஊர்ப்பட்டியலை யார் வைத்திருப்பது என்று கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுக்கும். புதிய விண்டோஸுக்கு முன்னுரிமை. இரண்டும் சமம் என்றால் அதிக நேரம் அணையாமல் ஓடியவர் ஜெயிப்பார். மொத்த வாக்காளர் இரண்டு பேர், வேட்பாளரும் அதே இரண்டு பேர். முடிவு வந்து பட்டியல் சரியாகக் கால் மணி நேரம்கூட ஆகும். அதற்குள் கரண்ட் போகும். மறுதேர்தல்.

பகிர்ந்த ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போட்டவர்களும் உண்டு. பீரோ சாவியைவிடப் பத்திரமாக நீளமான பாஸ்வேர்டு. 2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் மெதுவாக ஒரு செய்தி சொன்னது: விண்டோஸ் 95-லும் 98-லும், கேட்கிறவர் எத்தனை எழுத்து என்று சொல்கிறாரோ அத்தனை எழுத்தை மட்டுமே சரிபார்க்கும் ஓட்டை இருக்கிறது. 'ஒரு எழுத்துதான்' என்று புளுகினால், முதல் எழுத்து சரியாக இருந்தாலே கதவு திறக்கும்.

இவ்வளவும் கடந்து ஃபைல் போய்ச்சேரும் இடத்தில்தான் தமிழனுக்கென்று தனியாக வைத்திருந்த ஆப்பு. டிடிபி கடையில் டைப் அடிக்க ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டரோடு இன்னொன்று. நிக்காஹ் பத்திரிகை முதலாவதில் அழகாக இருக்கிறது. கேபிள் வழியாக இரண்டாவதில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தாகக் கொட்டிக் கிடக்கிறது.

"காக்கா, நான் தமிழ்லதானே எழுதிக் கொடுத்தேன்?"

"தமிழ்தான் தம்பி. பாமினி அதுல இல்ல."

பாமினி ஃபான்ட்டில் தமிழ் என்பது வெறும் வேஷம். நீங்கள் 'தமிழ்' என்று அடித்தால் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஃபான்ட் என்ற வேட்டியைக் கட்டினால் தமிழாக நிற்கும், அவிழ்த்தால் ஜேகேபிஓ. இதற்கு மேல் வேர்டு செய்த உபகாரம் ஒன்று உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றுவது இங்கிலீஷ் மரியாதை என்று அது தானாகவே மாற்றும். பாமினியில் சின்ன கே 'ம'. பெரிய கே 'மு'. மணமகன் முணமகன் ஆவார். சின்ன ஜே 'த'. பெரிய ஜே 'து'. தமிழ் துமிழ் ஆகும். கவனிக்காமல் அச்சடித்துவிட்டால் அப்புறம் ஊர் முழுக்க அதே பேச்சு.

ஹவாய்க்காரருக்கு மோதல்தான் கவலை, மெட்கால்ஃபுக்கு வேகம்தான் கவலை. வேகம் நூறு மடங்கானாலும் முணமகன் முணமகன்தான். பாமினிக்கு ஒரு முறை, இன்னொரு ஃபான்ட்டுக்கு இன்னொரு முறை என்று ஆளுக்கொரு எழுத்துக் குறியீட்டு முறை வைத்திருந்தார்கள். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி டேம், டேப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. ஒன்றாக்கக் கூடியவர்கள் இரண்டோடு திரும்பியதும் நம் மரபுதான். யுனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் போட்டு வைத்திருந்தார்கள். தமிழ்நாடு அரசு அதில் போய் உட்கார்ந்தது 2010-இல்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதில் வாப்பாவோ பாட்டனாரோ அடித்து வைத்த பாமினி ஃபைல்கள் இருக்கும்: சொத்துக் கணக்கு, சந்தனக்கூடு நோட்டீஸ், யாரோ எழுதி அச்சேறாமல் போன ஊர் வரலாறு. பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. டிஸ்க் சாவதற்குள் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் எழுத்தையும் ஒரு தடவை பாருங்கள்.