இவான் குடிக்காத கஸ்பாச்சோ

கே: காதல் முறிவைப் பற்றி, அழவைக்காத படம் ஒன்று சொல்லுங்களேன்?
ப: பெத்ரோ அல்மோதோவாரின் 'நரம்புத் தளர்ச்சியின் விளிம்பில் பெண்கள்'. ஸ்பெயின், 1988. கைக்குட்டை தேவைப்படும், சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வருவதால்!

கே: கதை?
ப: மாட்ரிட்டில் பெப்பா ஒரு டப்பிங் நடிகை. காதலன் இவானும் டப்பிங் கலைஞன். உறவை முறிப்பதைக்கூட ஆன்சரிங் மெஷினில் சொல்லிவிட்டு நழுவுகிறான். தேன் குரல், தொடை நடுங்கி ஆள்.

கே: கஸ்பாச்சோ என்றால்?
ப: தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய், பூண்டு அரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, ஜில்லென்று குடிக்கும் சூப். பெப்பா இவானுக்காக அதில் தூக்க மாத்திரைகளையும் கலக்கிறாள். போலீஸ்காரர்கள், டெலிபோன் ரிப்பேர்காரர் எல்லோரும் குடித்துச் சாய்கிறார்கள். இவான் மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை.

கே: படத்தில் நொந்துபோனவள் பெப்பா மட்டும்தானா?
ப: க்யூவே நிற்கிறது! இவானின் முன்னாள் துணை லூசியா மனநல மருத்துவமனையிலிருந்து வந்தவள், கையில் துப்பாக்கி. தோழி கந்தேலாவுக்கோ, தான் காதலித்தவன் தீவிரவாதி என்று தெரிந்த நடுக்கம். எல்லோரும் வந்து சேருமிடம் பெப்பாவின் வீடு. கைவிட்டது ஆண்கள், கதவைத் திறந்தது ஒரு பெண்.

கே: அந்தோனியோ பண்டேராஸ் இருக்கிறாராமே?
ப: இவானின் மகன் கார்லோஸாக. கண்ணாடி போட்ட, திக்கிப் பேசும் பிள்ளை. நிச்சயித்த பெண் கஸ்பாச்சோ குடித்துத் தூங்க, இவர் கந்தேலாவுக்கு முத்தம் தருகிறார். திக்குவது நாக்குதான், குணத்தில் அப்பனைப் போலவே சரளம்.

கே: இயக்குநருக்கு இந்தப் பொறி எங்கே கிடைத்தது?
ப: ழான் காக்தோவின் 1930-ஆம் ஆண்டு நாடகம் 'மனிதக் குரல்'. மேடையில் ஒருத்தி, ஒரு தொலைபேசி, அவ்வளவே. அல்மோதோவாரோ தெலஃபோனிகா கம்பெனியில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர். காக்தோவின் நாயகி போனோடு மன்றாடுகிறாள். இவருடைய நாயகி அதை ஜன்னல் வழியே வீசுகிறாள்.

கே: விருதுகள்?
ப: சிறந்த படம், சிறந்த நடிகை (கார்மென் மௌரா) உட்பட 5 கோயா. ஆஸ்கார் பரிந்துரையும் உண்டு. தட்டிச் சென்றது டென்மார்க்கின் 'பெல்லே தி காங்கரர்'. 2010-இல் பிராட்வே மேடையும் ஏறிவிட்டாள் பெப்பா.

கே: கடைசியில் இவான் கிடைத்தானா?
ப: விமான நிலையத்தில் லூசியா சுடப்போகிறாள். பெப்பா டிராலியைத் தள்ளிவிட்டு இவானைக் காப்பாற்றுகிறாள். இப்போதுதான் அவனுக்குப் பேசத் தோன்றுகிறது. இவளுக்கு நிற்கத் தோன்றவில்லை. அவன் உயிரைக் கொடுத்தாள், தன் மனசைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்!